இரண்டாம் நடையிலும் நின்ற ஆடு

இதில் யாருக்கும் பெயர் இருக்காது. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எல்லோருடைய பெயரும், சிலர் வீட்டு நாயின் பெயரும்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. தகவல் சொன்னவர்களின் பெயரை வெளியே விடக்கூடாது என்று பல வருடம் அடுத்தவர்களுக்குப் பாடம் நடத்தியவள் நான். என் கதை என்று வரும்போது மட்டும் விதியைத் தளர்த்தினால் நன்றாக இருக்காது. ஊரின் பெயரும் சொல்ல மாட்டேன். மேல்மலையில் பூண்டு விளைகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லா ஊரிலும் பூண்டு விளைகிறது.

எண்பதுகளின் நடுவில் கொடைக்கானலில் எம்.ஃபில். மாணவிகளுக்கு ஆராய்ச்சி முறை என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் துறை ஒரு பழைய வாடகை பங்களாவில் இருந்தது. யாரோ வெள்ளைக்காரர் கோடைக்கு வந்து தங்குவதற்காகக் கட்டியது. அதனால் கோடை தவிர்த்த மற்ற பத்து மாதங்களுக்கு அதில் எந்த ஏற்பாடும் கிடையாது. அட்டுவம்பட்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அங்கிருந்து துறைக்கு நடந்து வருவதற்குள் சேலையின் கீழ்ப்பகுதி நனைந்துவிடும். மதுரையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சேலை காய வைப்பது ஒரு வேலை என்பதே மலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் மழைக்காலத்தில் வேறு வேலை இல்லாமல், அலமாரியில் இருந்த பழைய ஆய்வேடுகளை எல்லாம் படித்தேன். நானறிய அவற்றை வேறு யாரும் படித்ததில்லை. ஒன்றில், ‘மாதிரிகள் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டன’ என்று இருந்தது. எந்த முறை என்று இல்லை. எழுதிய பெண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவளுக்கும் ஞாபகம் இல்லை. மூலத் தாள்கள் எங்கே என்றேன். கல்யாணமாகிப் போன பிறகு மாமியார் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அந்த ஆய்வேட்டைத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் விதி போடுவது என் வழக்கம். செய்ததை, உன்னைத் தெரியாத ஒருத்தி தாளை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பச் செய்கிற மாதிரி எழுது. எழுதியது தப்பு என்று தெரிந்தால் அழிக்காதே; ஒரே ஒரு கோடு போட்டு அடி, அடித்ததும் தெரியட்டும். இந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதி, அழிக்கக்கூடாது என்று பியூனிடமும் சொல்லி வைத்தேன். அவர் ஒரு வாரத்தில் அழித்துவிட்டார்.

விதியைப் புரியவைப்பதற்கு ஒரு சோதனை வைத்தேன். வகுப்பறையில் குளிர்காய ஒரு கணப்பு இருந்தது. ஈர யூகலிப்டஸ் விறகை வைத்து அதைப் பற்றவைப்பது எப்படி என்று ஒவ்வொருத்தியும் எழுத வேண்டும். ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி வாசித்து, அதில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும். வாய் திறந்து கேட்கக் கூடாது. அன்று காலை முழுக்கப் புகை. ஒருத்தி தீக்குச்சியை உரசச் சொல்ல மறந்திருந்தாள். அவள் எழுதியது மட்டும்தான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே போன பிறகு, ஒரே ஒரு தாளின்படி தீ ஒழுங்காக எரிந்தது. ‘முதலில் புகைபோக்கியின் உள்ளே இருக்கும் தகட்டைத் திறக்கவும். அது துருப்பிடித்து இறுகியிருக்கும்; இடது பக்கம் தட்டவும்’ என்று அதில் இருந்தது. அதை எழுதியவள்தான் இந்தக் கதையின் முதல் பெண்.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவளுடையது. டீயை இன்னும் தேத்தண்ணி என்றுதான் சொல்வாள். அதிகம் பேச மாட்டாள். அப்பாவுக்கு மரம் வெட்டுகிற இடத்தில் கூலி வேலை. அடிவாரத்தில் ஒரு கல்லூரியில், ஜூன் மாதத்துக்குள் எம்.ஃபில். முடித்துவந்தால் விரிவுரையாளர் வேலை என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஜூன் தாண்டினால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை வாங்கப் போகிற முதல் ஆள் அவள்தான். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் அதைத் தினமும் நினைத்தேன்.

அவள் எழுதிய தாளை வாசித்துத் தீ மூட்டியவள் இரண்டாவது பெண். கொடைக்கானல் டவுனிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பெண். அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சமையல்காரர். அவள் பேசினால் பாதி வார்த்தை இங்கிலீஷில் இருக்கும். முதல் பெண்ணும் அவளும் ஹாஸ்டலில் ஒரே அறை.

முதல் பெண்ணின் ஆய்வு, மேல்மலைப் பெண்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது. தண்ணீருக்கு எவ்வளவு நேரம், விறகுக்கு எவ்வளவு நேரம், பூண்டுக்குக் களை எடுப்பதும் காயப்போடுவதும் யார், வீட்டில் ஆடு கோழி எத்தனை, அவற்றை மேய்ப்பது யார் என்று ஒரு கேள்வித்தாள். ஆண்டவன் புண்ணியத்தில், நகலெடுக்கிற சைக்ளோஸ்டைல் மெஷின் அன்றைக்கு வேலை செய்தது.

இந்த இடத்தில்தான் நான் இன்னும் இரண்டு விதிகளைப் போட்டேன். ஒன்று, பதில் சொன்னவர்களுக்கு அந்தப் பதிலின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவர்கள் வாழ்க்கையைப் பற்றிய தாள், அவர்களிடமும் இருப்பதுதான் நியாயம். கார்பன் வைத்து எழுதி, கீழ்த்தாளை அந்த வீட்டில் கொடுத்துவிடுவது. இன்னொன்று, இரண்டாம் நடை. ஒருத்தி போய்வந்து ஒரு மாதம் கழித்து, இன்னொருத்தி அதே கேள்வித்தாளோடு அதே வீடுகளுக்குப் போய்க் கேட்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் என் கையெழுத்து. ‘ஏறக்குறைய’ என்பதை அடிக்கோடிட்டுச் சொன்னேன். மனுஷர் கடிகாரம் இல்லை. கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

எங்கள் துறைத் தலைவி நல்லவர், நிதானமானவர். எப்போதும் ஒரு ஊதா ஸ்வெட்டரைப் பின்னிக்கொண்டிருப்பார். அவர் என் விதிகளைக் கேட்டுவிட்டு, “வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, அப்புறம் குத்துதே குடையுதேன்னு எங்கிட்ட வராதீங்க” என்றார். அந்த ஓணான் வர இரண்டு மாதம் ஆனது.

முதல் பெண் மழையில் போய், அந்த ஊரிலேயே தங்கி, அவர்களோடு களை எடுத்து, கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து இரண்டாவது பெண் போய்வந்தாள். இரண்டு தாள்கட்டுகளையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். எல்லாம் ஒத்துப்போனது. ஏறக்குறைய இல்லை, அப்படியே. தண்ணீருக்கு ஒன்றரை மணி என்றால் ஒன்றரை மணி. விறகுக்கு வாரம் மூன்று தடவை என்றால் மூன்று தடவை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்க்கவில்லை. பியூனை அனுப்பி எல்லோருக்கும் பன் வாங்கிவரச் சொன்னேன். துறைத் தலைவிக்கு இரண்டு பன் கொடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு இரண்டாவது பெண் மட்டும் நின்றாள். பன்னை அவள் சாப்பிடவில்லை.

“மிஸ், ஒரே ஒரு டவுட்டு.”

“சொல்லு.”

“அந்தக் கடைசி வீட்டு அம்மாவுக்கு ஆடு ரெண்டுன்னு எழுதியிருக்கேன்.”

“முதல் நடையிலயும் ரெண்டுதான். சரியாத்தானே இருக்கு?”

“அதுல ஒண்ணை நான் சாப்பிட்டேன், மிஸ்.”

விஷயம் இதுதான். அவள் போன அன்று அந்த வீட்டில் ஒரு காதுகுத்து. அதற்கு ஆடு அடித்திருந்தார்கள். வந்த பிள்ளையை உட்காரவைத்துச் சோறும் கறியும் போட்டார்கள். கை கழுவிவிட்டுக் கேள்வித்தாளை எடுத்து, ஆடு எத்தனை என்று கேட்டாள். ரெண்டு என்றார் அந்த அம்மா. ஒன்றை வெட்டிவிட்டீர்களே என்றாள். “அந்தப் பிள்ளை ரெண்டுன்னுதான எழுதிருக்கு? ரெண்டுன்னே போடு தாயி” என்றார். போட்டுவிட்டாள்.

“ஏன் போட்ட?”

“சொன்னதை அப்படியே எழுது, உன் கருத்தைச் சேர்க்காதேன்னு நீங்கதானே மிஸ் ரூல் போட்டீங்க.”

கறிக்குழம்பு ஒரு கருத்தா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இல்லை என்றாள். பிறகு மற்றதையும் சொன்னாள். ஒரு வீட்டில் ஆறாவது கேள்வியைக் கேட்பதற்குள் ஏழாவதுக்குப் பதில் வந்துவிட்டது. இன்னொரு வீட்டில், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒரு தாளை வைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து பதிலை எடுத்துக்கொடுத்தது. அது முதல் நடையில் நாங்கள் கொடுத்த நகல். அதாவது என் ஒரு விதி, என் இன்னொரு விதியைக் கொன்றுவிட்டது.

“சொல்லாம விட்டுறலாம்னுதான் நெனச்சேன் மிஸ். அவ என் ரூம்மேட். ஜூன் போயிருச்சுன்னா அவ வீட்டுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஆனா சண்டே சர்ச்ல உட்கார முடியல.” அதைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். பன்னைச் சாப்பிடச் சொன்னேன்.

துறைத் தலைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்வெட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். “முதல் தடவை அந்தப் பொண்ணு ஒழுங்காத்தானே கேட்டுட்டு வந்தா?”

“ஆமாம்.”

“ரெண்டாவது தடவையும் எல்லாம் ஒத்துப்போச்சு. பேப்பர்ல தப்பில்ல. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. ஒரு ஆட்டுக்காக ஒரு பொண்ணோட வேலையை நிறுத்துவீங்களா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாகாது என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஆட்டை ஏற்கெனவே சோற்றில் போட்டுச் சாப்பிட்டாகிவிட்டது என்பது ஞாபகம் வந்து பேசாமல் இருந்தேன்.

முதல் பெண்ணிடம் நானே சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. துப்பட்டா நுனியை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அப்ப என்னோடதும் பொய்யாங்க மேடம்?”

“தெரியாது” என்றேன். “போய்க் கேட்போம்.”

சனிக்கிழமை வெள்ளனே புறப்படும் மேல்மலை பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். நான் நல்ல ஆத்திரத்தில் இருந்தேன். ஒவ்வொரு வளைவிலும், அந்தப் பெண்களிடம் பேச வேண்டியதை மனதுக்குள் ஒரு பத்தி எழுதினேன். ஊர் வந்து சேர்வதற்குள் அது ஒரு சொற்பொழிவாகிவிட்டது.

அந்த ஊரில் வீடுகள் படிப்படியாக ஒன்றின் கூரைக்கு மேல் ஒன்றாக இருக்கும். கீழ்ப்படியில் ஒரு களத்தில் பெண்கள் பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பெண்ணைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். “வா தாயி, இம்புட்டு வெரசா வந்துட்ட?” என்று ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வயது இருக்கும், மலையின் அடுத்த மடிப்புக்குக் கேட்கிற குரல். அவர்தான் ஆட்டுக்காரம்மா.

நான் சொற்பொழிவை ஆரம்பித்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்பது அதன் முதல் வரி. அதோடு அது நின்றுவிட்டது.

“என்ன டீச்சர் செஞ்சுபுட்டோம்?” என்றார் அவர். “இந்தப் பிள்ளை மழையில நனைஞ்சுக்கிட்டு வந்துச்சு. எங்களோட களை எடுத்துச்சு. எங்க கஞ்சியக் குடிச்சுச்சு. கேட்டதுக்குச் சொன்னோம், எழுதிக் குடுத்துட்டுப் போச்சு. ஒரு மாசம் போயி, இன்னொரு பிள்ளை அதே தாளத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிது. அதுக்கு என்ன அர்த்தம்? இது எழுதினத அங்கன யாரோ நம்பல. சாட்சி கேட்டு ஆள் விட்ருக்காக.”

“நம்பாம இல்லம்மா. அது ஒரு முறை.”

“நம்புறவகள ரெண்டு தடவ கேக்குறது எந்த ஊரு முறை டீச்சர்?”

பதில் எனக்குத் தெரியும். வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்வேன். அந்தக் களத்தில் ஒரு நிமிடத்துக்குக்கூட அது வரவில்லை.

“அதான் வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டோம்” என்று அவர் தொடர்ந்தார். “தாள்ல என்னா கெடக்கோ அதத்தான் சொல்லணும், ஒரு சொல்லு பிசகக் கூடாதுன்னு. படிக்கத் தெரியாதவகளுக்குப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணவச்சோம். ரெண்டு நாளா வேற சோலியே ஓடல.”

பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா உடனே, யாரும் கேட்காமலே, தன் வீட்டுப் பதில்களை ஒன்றிலிருந்து கடைசிவரை ஒப்பித்துக் காட்டினார். ஓர் இடத்தில் தடுமாறியபோது மற்றவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள்.

ஆத்திரத்தோடு போனவள் நான். ஒரு ஊரே பூண்டு வேலையைப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ வந்த ஒரு பெண்ணுக்காக உட்கார்ந்து பாடம் படித்திருக்கிறது என்று கேட்டதும் அந்த ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. என் வகுப்பில் எனக்காக யாரும் அந்த அளவுக்குப் படித்ததில்லை. இருந்தாலும் விதி விதிதான். இப்போதாவது உள்ளதைச் சொல்லுங்கள், மறுபடி எழுதிக்கொள்கிறோம் என்றேன்.

“மாத்திச் சொன்னா பிள்ளை பாஸாகுமா?”

“தெரியாதும்மா. ஆகாமலும் போகலாம்.”

“அப்பச் சொன்னது சொன்னதுதான்” என்றார் அவர். மற்றவர்கள் பூண்டுக் கட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். பிறகு எங்களுக்கு டீ வந்தது. முதல் பெண் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணி நல்லா இருக்குக்கா என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி வழியில் முதல் பெண், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “மேடம், இதையே எழுதிர்றேன்” என்றாள்.

“எதை?”

“ரெண்டாவது நடை எப்படிக் கெட்டுப்போச்சுங்கிறதை. கடைசியில ஒரு அத்தியாயமா. என்ன நடந்துச்சோ அதை அப்படியே எழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

விதி போட்டவள் அந்த இடத்தில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ ஜூன் மாதம்தான் கண்முன்னால் வந்து நின்றது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று பயந்தேன். “ஒரு பாராவா எழுதினாப் போதாதாம்மா?” என்றேன்.

“ஒரு பாராவுல ஆடு அடங்காதுங்க மேடம்” என்றாள்.

எழுதினாள். கணப்புத் தகட்டைப் பற்றி எழுதிய அதே கையால், நகல் கொடுத்ததையும், ஊர் கூடிப் படித்ததையும், காதுகுத்துக் கறியையும், யார் பெயரும் இல்லாமல் எழுதினாள். அதைப் படித்துவிட்டு நான் கையெழுத்துப் போட்டேன். துறைத் தலைவியும் படித்தார். படிக்கும்போது பின்னலை நிறுத்தியிருந்தார். “நல்லா எழுதியிருக்கா. பாவம்” என்றார்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதும் என் விதிகளில் ஒன்று. ஆய்வு நடந்த ஊருக்குத் தமிழில் ஒரு அழைப்பு அனுப்புவோம். அதுவரை எந்த ஊரிலிருந்தும் யாரும் வந்ததில்லை. அதனால்தான் யாரும் அந்த விதியை எதிர்க்கவும் இல்லை. அன்று காலை, காரட் லாரியில் ஏறி ஆட்டுக்காரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். வெளுத்த சேலை, தலையில் பூ, கையில் ஒரு சின்ன மூட்டைப் பூண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அறை முழுக்கப் பூண்டு வாசம்.

தேர்வாளர் சமவெளியில் பெரிய பேராசிரியர். பழனி வழியாகக் காலை பஸ்ஸில் வந்திருந்தார். ஆயக்குடியில் வாங்கிய கொய்யாப்பழப் பையை மேஜைமேல், ஆய்வேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். முதல் நான்கு அத்தியாயங்களுக்குத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசி அத்தியாயத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது எதுக்கும்மா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“மத்ததெல்லாம் அருமையா இருக்கு. இந்த அத்தியாயத்தை எடுத்துடு. எடுத்துட்டா இப்பவே கையெழுத்துப் போட்டுட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிச்சிடுவேன்.”

துறைத் தலைவி என்னைப் பார்த்தார். இரண்டாவது பெண்ணும் என்னைப் பார்த்தாள். நான் கணப்பைப் பார்த்தேன். எடுத்துவிடு என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன்.

“எடுக்க முடியாதுங்க சார்” என்றாள் அவள்.

“ஏன்?”

“நடந்ததுங்க.”

அவர் ஒரு கொய்யாவை எடுத்து, பார்த்துவிட்டு, பைக்குள் திரும்பப் போட்டார். “அப்ப நான் ஒண்ணு கேட்டாகணும். ரெண்டாவது தடவை சொன்னது கெட்டுப்போச்சு. முதல் தடவை சொன்னது மட்டும் சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக, கேட்பவருக்குக் களைப்பு வரும்வரை சொல்ல வேண்டும். அது மாதிரிப் பதில்களை நானே அவர்களுக்குப் பழக்கியிருந்தேன். அவள் அதைச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்தாள். கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

“தெரியாதுங்க சார்.”

போச்சு என்று நினைத்தேன். ஜூன் போச்சு, கல்லூரி போச்சு, எல்லாம் என் விதிகளால் போச்சு. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அதற்குள் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம்.

“சார், பிள்ளைமேல ஒரு தப்பும் இல்ல” என்றார் ஆட்டுக்காரம்மா, மலையின் அடுத்த மடிப்புக்குக் கேட்கிற மாதிரி. “பொய் சொன்னது நாங்க.”

தேர்வாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். நான் விளக்கம் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அது இதுலயே எழுதியிருக்கும்மா.”

“எங்களைப் பொய்க்காரிகன்னா எழுதிருக்கு?”

அவர் பக்கத்தைத் திருப்பித் தேடினார். “இல்ல. தன்மேல வச்ச பிரியத்தால கணக்கு கெட்டுப்போச்சு, தப்பு கேட்ட முறையில இருக்கு, பதில் சொன்னவங்க மேல இல்லைன்னு எழுதியிருக்கா.”

ஆட்டுக்காரம்மா உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். தேர்வாளர் சட்டைப்பையைத் தடவிவிட்டு, யாரிடமாவது பேனா இருக்கிறதா என்று கேட்டார். மூன்று பேர் நீட்டினோம். காரணம் எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். பிறகு மத்தியான பஸ் போய்விட்டதால் சாப்பிட என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

ஊர்க்காரர்களைக் காலையில் இறக்கிவிட்ட காரட் லாரி பெருமாள்மலைக்குப் போயிருந்தது. அது திரும்பி வரும்வரை வாசலில் நின்றோம். முதல் பெண் என் பக்கத்தில் நின்றாள். இரண்டாவது பெண் அவள் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்காரம்மா பூண்டு மூட்டையை என் கையில் திணித்தார்.

“பிள்ளை பாஸாயிருச்சா டீச்சர்?”

“ஆயிட்டாம்மா.”

“நிச்சயமா? இனிமே யாரும் தாளத் தூக்கிக்கிட்டு வர மாட்டாகளே?”

“வர மாட்டாங்க.”

“அப்பச் சொல்லலாம்” என்றார், ஒரு பெரிய பாரத்தை இறக்கிவைக்கிற முகத்தோடு. “எங்க வீட்டுல ஆதியிலருந்தே ஆடு ஒண்ணுதான் டீச்சர். இந்தப் பிள்ளை மொதல்ல வந்த அன்னைக்கு இன்னொண்ணு கட்டிக் கெடந்துச்சுல்ல, அது எங்க நாத்தனா வீட்டு ஆடு. ‘ரெண்டு ஆடாக்கா’ன்னு கேட்டுக்கிட்டே இந்தப் பிள்ளை எழுதிருச்சு. அம்புட்டு ஆசையா எழுதிக்கிட்டிருக்கும்போது குறுக்க பேச மனசு வரல.”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டாம் நடையில் அந்த வீட்டுத் தாளில் நின்ற இரண்டு ஆடுகளில், ஒன்று குழம்பாகியிருந்தது, இன்னொன்று தன் வீட்டுக்குப் போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது பெண்ணுக்கும் வந்தது. ஆட்டுக்காரம்மாவும் சிரித்தார். முதல் பெண் சிரிக்கவில்லை.

“மேடம், லைப்ரரி காப்பி பைண்டிங்குக்குப் போயிருச்சாங்க?”

“இன்னும் இல்ல. உள்ளே மேஜைமேலதான் இருக்கு. விடும்மா, கையெழுத்துப் போட்டாச்சு.”

“பேனா குடுங்க மேடம்.”

உள்ளே தேர்வாளர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போட்ட கையெழுத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். நான் பேனாவைக் கொடுத்தேன். அவள் போனாள்.

“எங்க போகுது பிள்ளை?” என்றார் ஆட்டுக்காரம்மா.

“ஆட்டைச் சரிபண்ண.”

“பாஸாயிருச்சுன்னீக?”

“ஆமா.”

“பெறகு என்னத்துக்கு?”

எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது, யாரும் ஏறவில்லை.

அவள் வெளியே வரும்போது கையில் அந்த ஒரு பக்கம் இருந்தது. அட்டவணையில் ‘இரண்டு’ ஒரே ஒரு கோட்டால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘ஒன்று’ என்று இருந்தது. அதன் ஓரத்தில் அவள் கையெழுத்து. அதற்குக் கீழே, கொஞ்சம் எண்ணெய்க் கறையோடு, தேர்வாளருடைய கையெழுத்து. ஜூனில் அவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டுக்காரம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எது இரண்டு, எது ஒன்று என்று நான் விரலால் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“தப்பா எழுதினது இன்னும் தெரியுதே தாயி?” என்றார்.

“தெரியணுங்கக்கா” என்றாள் அவள்.